அந்த ரகசியம் யாருக்குச் சொந்தம்?

மதகுருவிடம் தனிமையில் சொன்னதை நீதிமன்றத்தில் வெளியிடும்படி அவரைக் கட்டாயப்படுத்தலாமா என்ற விவாதம் எழும்போதெல்லாம், மதச் சுதந்திரமா குற்றத் தடுப்பா என்று கட்சி பிரிந்துவிடுகிறோமே தவிர, அந்த ரகசியம் யாருடைய உடைமை என்று கேட்பதில்லை.

கத்தோலிக்கத் திருச்சபை 1215ஆம் ஆண்டின் நான்காம் லாத்தரன் சங்கம் என்ற திருச்சபைப் பேரவையிலேயே, பாவசங்கீர்த்தனத்தில், அதாவது ஒருவர் தம் பாவங்களைக் குருவிடம் தனிமையில் அறிக்கையிடும் சடங்கில், கேட்டதை வெளியிடும் குருவைப் பதவி நீக்கி, ஆயுள் முழுவதும் மடத்தில் தவம் செய்ய அனுப்பும்படி விதித்துவிட்டது. நாட்டுச் சட்டங்கள்தாம் ஒன்றுபோல் இல்லை. நியூயார்க்கில் 1813இல், திருட்டு நகைகளை உரியவரிடம் சேர்ப்பித்த அந்தோனி கோல்மன் என்ற குரு, அவற்றைத் தம்மிடம் கொடுத்தவர் யாரெனச் சொல்ல மறுத்தபோது நீதிமன்றம் அவரை வற்புறுத்தவில்லை. (ரகசியம் காக்கப்படும் என்ற நம்பிக்கை இல்லாதிருந்தால் அந்த நகைகள் திரும்பியே இருக்காது.) கனடாவின் உச்ச நீதிமன்றமோ 1991இல், இத்தகைய உரையாடல்கள் அனைத்துக்கும் சாட்சியத்திலிருந்து பொதுவான விலக்கு இல்லை, வழக்குக்கு வழக்கு ஆராய வேண்டும் என்றது.

வழக்கறிஞரிடம் சொன்ன ரகசியம் கட்சிக்காரருடையது. அவர் இசைந்தால் வழக்கறிஞர் பேசலாம். மதகுரு விஷயத்திலும் சட்டம் இதையே அடிப்படையாகக் கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. பாலியல் வன்முறைக்கு உள்ளான ஒருவர் தமக்கு நேர்ந்ததைக் குருவிடம் சொல்லி, பின்னர் அந்தக் குருவைச் சாட்சி சொல்லும்படி தாமே வேண்டும்போது, ரகசியக் காப்பைக் காரணம் காட்டி ஒரு மதநிறுவனம் மறுத்தால், அங்கே காக்கப்படுவது பேசியவரின் மனச்சான்று அல்ல, நிறுவனத்தின் பெயர்தான். மேலதிகாரிக்கு வந்த புகார்க் கடிதமும் நிர்வாகக் கூட்டத்துப் பேச்சும் பாவசங்கீர்த்தனம் ஆகிவிடாது என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

குற்றம் செய்தவரே வந்து சொல்லும் நிலைதான் உண்மையில் கடினமானது. சிறார் வதை குறித்து ஆராய்ந்த ஆஸ்திரேலிய அரச ஆணையம், பாவசங்கீர்த்தனத்தில் தெரியவந்தாலும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2017இல் பரிந்துரைத்தது. விக்டோரியா, குயின்ஸ்லாந்து உள்ளிட்ட மாநிலங்கள் அவ்வாறே சட்டமும் இயற்றின. அதன் நோக்கத்தை நான் மறுக்கவில்லை. இன்னொரு குழந்தை ஆபத்தில் இருக்கையில் மௌனம் காப்பதை என்னால் ஆதரிக்க முடியாது. ஆனால் திரைக்கு அப்பாலிருந்து பெயர் சொல்லாமல் பேசிவிட்டுப் போகிறவரைப் பற்றி ஒரு குரு எதைத்தான் தெரிவிப்பார் என்பதற்கு, அந்தச் சட்டங்களை வரவேற்றவர்களிடமிருந்து எனக்கு இதுவரை விடை கிடைக்கவில்லை.