எழுத என்ன இருக்கு?

முப்பது வருஷத்துக்கு மேல் பார்க்காத ஒருத்தியின் நம்பரை எப்படியோ பிடித்து, போன் போட்டு, "உன்னைப் பத்தி நாலு வரி எழுதி அனுப்புடி, மலரில் போடறோம்" என்று கேட்டால் என்ன பதில் வரும்? "என்னைப் பத்தி எழுத என்னடி இருக்கு?" இதுவரை பதினொரு பேர் இதையே சொல்லிவிட்டார்கள். பேசி வைத்துக்கொண்ட மாதிரி அதே வார்த்தை, கடைசியில் அதே சின்னச் சிரிப்பு.

விஷயம் இதுதான். நான் படித்த அரசு பெண்கள் கல்லூரிக்கு முன்னாள் மாணவியர் மலர் ஒன்று கொண்டுவருகிறோம். (பெயர் வேண்டாம், படித்தவர்களுக்குத் தெரியும்.) அறுபதுகளில் பியூசி படித்த அக்காக்கள் தொடங்கி போன வருஷம் வெளியே வந்த பிள்ளைகள் வரை யார் எங்கே இருக்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று பேட்ச் வாரியாகப் போட வேண்டும். 1992 தாவரவியல், நாற்பத்து மூன்று பேர், என் பொறுப்பு. கையில் இருந்தது ஒரு ஆட்டோகிராப் நோட்டும் கடைசி நாள் எடுத்த குரூப் போட்டோவும்தான். அந்த நோட்டில் இருக்கும் முகவரி எல்லாம் அப்பா வீட்டு முகவரி. பாதி வீடு விற்றாயிற்று, மீதியில் அண்ணன் இருக்கிறார், அண்ணனுக்குத் தங்கை நம்பர் தெரியும் என்று நினைக்காதீர்கள்.

கமிட்டியில் முதலில் ஒரு கூகுள் படிவம் தயார் செய்தார்கள். பெயர், பதவி, நிறுவனம், பெற்ற விருதுகள், சாதனைகள். வாட்ஸாப் குழுவில் போட்டேன். ஆறு பேர் நிரப்பினார்கள். இரண்டு தலைமை ஆசிரியைகள், ஒரு வங்கி அதிகாரி, ஒரு தாசில்தார், கல்லூரியிலேயே பேராசிரியை ஆனவள், அப்புறம் அமெரிக்காவில் இருக்கிற ஒருத்தி. மற்றவர்கள் எல்லாம் பார்த்தார்கள், நீல டிக் விழுந்தது, மறுநாள் காலை வழக்கம்போல பிரதோஷ வாழ்த்தும் ரோஜாப்பூவும் வந்தது. படிவத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் முதலில் சோம்பேறித்தனம் என்றுதான் நினைத்தேன். ஒரு ராத்திரி அதே படிவத்தை எனக்கு நிரப்ப உட்கார்ந்தபோதுதான் புரிந்தது. 'பதவி' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். அதை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போகவே முடியாது. நான் ஏழு வருஷம் ஒரு மெட்ரிக் பள்ளியில் பாடம் எடுத்துவிட்டு மாமியார் படுத்த படுக்கையானதும் விட்டவள். என்ன போடுவது?

இந்த இடத்தில் வேறொரு விஷயம் சொல்ல வேண்டும். சில வருஷம் முன்னால் என் தங்கை வீட்டுக்கு அமெரிக்கா போயிருந்தேன். அவள் மகள் படித்த கல்லூரியின் பத்திரிகை தபாலில் வரும். முன்பக்கம் எல்லாம் நம் ஊர் மாதிரிதான், புதுக் கட்டடம், நன்கொடை கொடுத்தவர் படம், இன்னும் கொடுங்கள் என்று நாசூக்காக ஒரு உறை. பின்பக்கங்கள்தான் வேறு. அங்கே படித்து முடித்த வருஷ வாரியாகச் செய்தி போடுகிறார்கள். ஒவ்வொரு வருஷத்துக்கும் அந்த வகுப்பில் படித்த ஒருவரே சேதி சேகரித்து எழுதுகிறார், மூத்த வகுப்பு முதலில், இளையது கடைசியில். ஆரம்பத்தில் தொண்ணூறு வயதுக்காரர்கள். ஒருவர் முழங்கால் ஆபரேஷனுக்கு அப்புறம் மறுபடி தோட்ட வேலை ஆரம்பித்திருக்கிறார், ஒரு அம்மாள் வீட்டை விற்றுவிட்டு முதியோர் குடியிருப்புக்குப் போய்விட்டார், பழைய அறைத்தோழி வாரம் ஒருமுறை போன் பண்ணுகிறாராம். பக்கம் திருப்பத் திருப்ப ஓய்வு பெற்றது, பேரன் பிறந்தது, விவாகரத்து, இரண்டாம் கல்யாணம், பிள்ளைக்குப் பெயர் வைத்தது, கடைசியில் முதல் வேலை கிடைத்த பொடிசுகள். நான் யாரையும் தெரியாமல் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து படித்தேன். பீற்றல் அங்கேயும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தக்காளி காய்த்ததும் செய்திதான் என்று ஒரு இடம் ஒதுக்கியிருந்தார்கள். ஒவ்வொரு வருஷமும் மூத்தவர்கள் குறையக் குறையத் தன் வகுப்பு முன்பக்கத்தை நோக்கி நகர்வதை அவர்கள் பார்த்துக்கொண்டே இருப்பார்கள் இல்லையா, அது கொஞ்சம் வயிற்றைப் பிசைந்தது.

நம் ஊரில் 'முன்னாள் மாணவர்' என்றாலே சுவரில் மாட்டுகிற படம். எனக்கு அந்தப் படங்கள் மேல் கோபம் இல்லை. சென்னை ராணி மேரிக் கல்லூரியை எடுத்துக்கொள்ளுங்கள். 1914இல் மெரினா கடற்கரை எதிரே பெண்களுக்கென்று தொடங்கிய கல்லூரி, முதல் முதல்வர் டோரதி டி லா ஹே. அங்கே படித்தவர்தான் தலச்சேரிக்காரர் ஜானகி அம்மாள். அப்புறம் மாநிலக் கல்லூரி, அப்புறம் மிச்சிகன் பல்கலைக்கழகம், 1931இல் முனைவர் பட்டம். கோவையில் கரும்பு ஆராய்ச்சி, இங்கிலாந்தில் மரபணுவியல், 1977இல் பத்மஸ்ரீ. அவர் உருவாக்கிய கத்தரி வகை ஒன்றுக்கு அவர் பெயரே இருக்கிறது. தாவரவியல் படித்த எங்களுக்கு அவர் குலதெய்வம் மாதிரி.

அதே கல்லூரியில் இன்டர்மீடியட் படித்த இன்னொருவர் லலிதா. பதினைந்து வயதில் கல்யாணம், பதினெட்டில் கணவர் இறந்துவிட்டார், கையில் நான்கு மாதப் பெண் குழந்தை. அப்பா கிண்டி பொறியியல் கல்லூரியில் பேராசிரியர், அவர் முயற்சியில் 1940இல் அங்கேயே மின் பொறியியல் சேர்ந்தார். பட்டச் சான்றிதழில் 'அவன்' என்று அச்சடித்திருந்ததை அடித்துவிட்டு 'அவள்' என்று கையால் திருத்தித்தான் கொடுத்தார்களாம். பக்ரா நங்கல் அணைத் திட்டத்துக்கு வேலை செய்தார், 1964இல் நியூயார்க்கில் நடந்த உலகப் பெண் பொறியாளர், விஞ்ஞானிகளின் முதல் மாநாட்டுக்கும் போனார். நாட்டின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவர்.

இவர்கள் படத்தை எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் மாட்டலாம். நான் கேட்பது வேறு. 1938இல் லலிதாவிடம் எங்கள் கூகுள் படிவத்தை நீட்டியிருந்தால் என்ன எழுதியிருப்பார்? பதவி: இல்லை. நிறுவனம்: அப்பா வீடு. சாதனை: இடுப்பில் குழந்தை. "எழுத என்ன இருக்கு" என்றுதான் அவரும் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. அன்றைக்கு அவர் இருந்த நிலையில் எங்கள் நாற்பத்து மூன்று பேரில் நான்கைந்து பேராவது இருந்தார்கள். அவர்களுக்குப் பேராசிரியர் அப்பா இல்லை, அவ்வளவுதான்.

எனவே கமிட்டியைக் கேட்காமல் படிவத்தைத் தூக்கிப் போட்டேன். (அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.) பதிலாக மூன்றே கேள்வி, போனில். இப்போ எந்த ஊர்? வீட்டில் யார் யார்? நாம் படித்ததில் இன்னும் எது ஞாபகம் இருக்கு?

மூன்றாவது கேள்வி வேலை செய்தது. ஒருத்தி தினமும் காய் நறுக்கும்போது மனசுக்குள் தாவரவியல் பெயர் சொல்லிக்கொள்வாளாம். கத்தரிக்காய் எடுத்தால் ஸொலானம் மெலோன்ஜினா. முருங்கைக்காய் எடுத்தால் மொரிங்கா ஒலிஃபெரா. "பைத்தியம்னு நினைச்சுடாதே, இத்தனை வருஷத்துல இதை யார்கிட்டயும் சொன்னதில்லை" என்றாள். இன்னொருத்தி கணவர் தறி பட்டறையில் நஷ்டப்பட்டதும் வீட்டு வாசலிலேயே இட்லிக் கடை போட்டு இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்திருக்கிறாள், மூன்று மணிக்கு எழுந்திருக்கிறாளாம், மாவு புளிப்பதைப் பற்றி அவள் சொன்ன விளக்கத்தில் எங்கள் நுண்ணுயிரியல் மேடம் வகுப்பு அப்படியே இருந்தது. ஒருத்தி பதினான்கு வருஷம் மனநிலை சரியில்லாத நாத்தனாரைப் பார்த்துக்கொண்டாள், போன வருஷம் நாத்தனார் போய்விட்டார், இப்போது காலையில் எழுந்தால் என்ன செய்வதென்றே தெரியவில்லை என்கிறாள். எல்ஐசி ஏஜென்டாக இருக்கிற ஒருத்தியிடம் மட்டும் பத்தொன்பது பேர் நம்பர் இருந்தது! அவள் இல்லாவிட்டால் இந்த மலரே இல்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து என் ரெக்கார்ட் நோட்டைப் பார்த்து வரைந்தவள் அவள்.

மூன்று பேர் இல்லை. ஒருத்தி புற்றுநோய், ஒருத்தி கொரோனா இரண்டாம் அலை. மூன்றாமவள் கல்யாணமாகி இரண்டே வருஷத்தில் 'ஸ்டவ் வெடித்து'. அப்போது யாரும் கேட்கவில்லை, நாங்கள் உட்பட. துக்கத்துக்குப் போய்விட்டு வந்து பஸ்ஸில் பேசாமல் உட்கார்ந்திருந்தது ஞாபகம் இருக்கிறது. மலரில் 'மறைந்தார்' என்று மட்டும் போட்டால் போதும் என்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. நல்ல குரல் அவளுக்கு, விடுதி நாளில் பாடினாள், உளவியல் படிக்க ஆசைப்பட்டாள், இருபத்து மூன்று வயதில் கணவர் வீட்டில் தீக்காயத்தில் இறந்தாள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அச்சாகிறதா பார்ப்போம்.

கமிட்டியில் ஒரு பேராசிரியை நியாயமாகத்தான் கேட்டார். "இப்போ படிக்கிற பிள்ளைங்க இதைப் பாத்து ஊக்கம் வர வேண்டாமாம்மா? இட்லிக் கடையும் கத்தரிக்காயும் போட்டா டிகிரி எதுக்குன்னு கேட்க மாட்டாங்களா?" கேட்கட்டுமே. எங்கள் காலத்தில், 1989இல், மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் ஏழைப் பெண்களுக்குத் திருமண உதவித் திட்டம் வந்தது. எட்டாவது படித்திருந்தால் ஐயாயிரம் ரூபாய். பிற்பாடு பட்டம் படித்த பெண்ணுக்கு ஐம்பதாயிரமும் தாலிக்குத் தங்கமும் ஆனது. அதே அம்மையார் பெயரிலான திட்டம் 2022இல் புதுமைப் பெண் ஆகி, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்று மாறியது. அன்றைக்குப் படித்தால் கல்யாணத்துக்குப் பணம், இன்றைக்குப் படிப்பதற்கே பணம். எங்கள் தலைமுறைக்கும் இந்தப் பிள்ளைகளுக்கும் நடுவில் நடந்தது என்ன என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன். அந்த ஆயிரம் ரூபாய் வாங்குகிற பெண்களின் அம்மாக்கள்தான் எங்கள் பட்டியலில் 'எழுத என்ன இருக்கு' என்பவர்கள். தாசில்தாரை மட்டும் காட்டினால் அந்தப் பிள்ளைக்குத் தன் வீட்டு ஆள் யாரும் அந்தப் பக்கத்தில் இல்லை என்றுதான் படும். கடைசியில் ஒரு சமரசம். சாதனையாளர்களுக்கு முன்னால் எட்டுப் பக்கம் கலரில், மற்றவர்கள் பின்னால் கறுப்பு வெள்ளையில். பரவாயில்லை, நான் பின்பக்க ஆள்தான்.

இன்னொரு தலைவலி இனிஷியல். 1992இல் அப்பா பெயரின் எழுத்து. கல்யாணத்துக்கு அப்புறம் ஆதாரிலும் பான் கார்டிலும் கணவர் எழுத்து. இரண்டு பேர் நியூமராலஜி பார்த்துப் பெயரையே நீட்டிக்கொண்டுவிட்டார்கள். முகநூலில் தேடினால் பாதிப் பேர் மகன் படத்தையோ முருகன் படத்தையோ வைத்துக்கொண்டு கணவர் பெயரில் இருக்கிறார்கள். ஆண்கள் கல்லூரி மலர் போட்ட என் தம்பிக்கு இந்தத் தொல்லையே இல்லை, ஒரு வாரத்தில் முடித்துவிட்டான். எந்த எழுத்தைப் போடுவது என்று குழம்பி, 1968 பேட்ச் அக்கா ஒருவரிடமே கேட்டேன். எழுபத்தெட்டு வயது, கணவர் போய்ப் பத்து வருஷம். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அட்டெண்டன்ஸ்ல எப்படிக் கூப்பிடுவாங்களோ அப்படியே போடும்மா" என்றார். எல்லாருக்கும் அப்படியே போட்டுவிட்டோம்.

முப்பத்து மூன்று பேர் கிடைத்துவிட்டார்கள். ஏழு பேர் பாக்கி. பெயர் போட்டுப் பொதுவில் தேட எனக்கு விருப்பமில்லை, அவரவர் வீட்டில் என்ன நிலைமையோ. ஆனால் உங்கள் அம்மாவோ அத்தையோ பக்கத்து வீட்டு அக்காவோ இந்த அடையாளத்துக்குப் பொருந்தினால் உள்பெட்டியில் சொல்லுங்கள். ஒருத்தி இரண்டாம் வருஷத்தோடு நின்றுவிட்டாள், அவளும் எங்கள் பேட்ச்தான், டிகிரி முடித்தால்தான் முன்னாள் மாணவி என்று யார் சொன்னது? ஒருத்தி ரயில்வே குடியிருப்பிலிருந்து வருவாள், அப்பாவுக்கு மாற்றல் ஆகிக்கொண்டே இருக்கும். ஒருத்தி இடது கையால் எழுதுவாள், செம்பருத்தியின் குறுக்குவெட்டுத் தோற்றத்தை அவள் வரைந்தால் மேடமே வாங்கி வைத்துக்கொள்வார். ஒருத்தி கூடையில் மதியச் சாப்பாட்டோடு எப்போதும் இரண்டு கொய்யாப்பழம் கொண்டு வருவாள், ஒன்று எனக்கு. மலர் அச்சுக்குப் போக இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.