பி0302 காட்டினால் பிளக்தான் காரணமா?
சேலத்திலிருந்து தர்மபுரி வரும்போது தொப்பூர் ஏற்றத்தில் கார் திக்கி, ஸ்கேனர் (காரின் கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் கருவி) பி0302 என்ற குறியீட்டைக் காட்டினால் இரண்டாவது சிலிண்டரின் ஸ்பார்க் பிளக் போய்விட்டது என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அது சரியல்ல, நண்பரே. அந்தச் சிலிண்டரில் எரிதல் தவறுகிறது என்பதை மட்டுமே குறியீடு சொல்கிறது. காரணம் பிளக், இக்னிஷன் காயில் (பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் பாகம்), இன்ஜெக்டர் (எரிபொருளைத் தெளிக்கும் பாகம்), கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம்) குறைவு என எதுவாகவும் இருக்கலாம்.

சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள கார் என்றால் பாகம் வாங்காமலே சோதிக்கலாம். எஞ்சினை நிறுத்தி, நன்றாக ஆறவிட்டு, இரண்டாவது, மூன்றாவது காயில்களை இடம் மாற்றுங்கள். குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டுங்கள். சமதளத்தில் தெரியாத கோளாறு ஏற்றத்தில்தான் வெளிப்படும். பி0303, அதாவது மூன்றாவது சிலிண்டருக்கான குறியீடு, வந்தால் பழுது காயிலில். பி0302 மாறவில்லையா? பிளக்குகளையும் அப்படியே இடம் மாற்றிப் பாருங்கள். அப்போதும் மாறாவிட்டால் இன்ஜெக்டரையும் கம்ப்ரஷனையும் மெக்கானிக்கிடம் சோதிக்கச் சொல்லுங்கள்.