ஹட்சன் ஆற்றில் இறங்கிய முடிவு: ஒரு திருத்தம்

2009 ஜனவரி 15 அன்று வாத்துக் கூட்டம் மோதி இரு எஞ்சின்களும் செயலிழந்ததால் ஹட்சன் ஆற்றில் இறக்கப்பட்ட யுஎஸ் ஏர்வேஸ் 1549 விமானம், தான் புறப்பட்ட நியூயார்க்கின் லகார்டியா விமான நிலையத்துக்கே பத்திரமாகத் திரும்பியிருக்க முடியும் என்று சிமுலேட்டர் (விமானம் ஓட்டுவதைப் போலவே செய்துபார்க்கும் கருவி) சோதனைகள் நிரூபித்ததாகச் சிலர் சொல்கிறார்கள். அன்புகூர்ந்து முழு விவரத்தையும் பாருங்கள். ஓடுதளத்தை எட்டிய சோதனைகளில், பறவை மோதிய நொடியிலேயே விமானத்தைத் திருப்பினார்கள். உண்மையில் அந்த நேரத்தில் கேப்டன் சல்லன்பர்கர் விமானத்துக்கு மின்சாரம் தரும் சிறிய துணை எஞ்சினை இயக்கிக் கட்டுப்பாட்டைத் தம் கையில் எடுத்துக்கொண்டிருந்தார். துணை விமானி ஸ்கைல்ஸ் எஞ்சினை மீண்டும் இயக்குவதற்கான சரிபார்ப்புப் பட்டியலைத் தேடிக்கொண்டிருந்தார். நிலைமையை உணர 35 வினாடி தாமதம் சேர்த்துச் செய்த சோதனையில் விமானம் ஓடுதளத்தை எட்டவில்லை. ஆற்றில் இறக்கிய முடிவு சரியே என்றுதான் அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமும் கூறியது. அவ்வாரியத்தின் இணையதளத்தில் ஏஏஆர்-10/03 என்ற எண்ணுள்ள அறிக்கையை எவரும் இலவசமாகத் தரவிறக்கி, சிமுலேட்டர் சோதனை பற்றிய பகுதியைப் படித்துப் பார்க்கலாம்.