கடைக்காரரைத் திட்டி என்ன பயன்?

நேற்று இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட் மளிகைக் கடையில் ஓர் அம்மா கடைக்காரரோடு சண்டை. “வாய்க்கு வந்த விலையெல்லாம் சொல்றீங்களே அண்ணே!” அவர் உடனே பதில் பேசவில்லை. சாக்கிலிருந்து ஒரு பிடி உளுந்தை அள்ளிக் காட்டினார். பாதி உடைசல், ஊடே ஊடே பழுப்பு. “மழையில நனைஞ்ச சரக்கும்மா, நான் என்ன செய்ய?”

எனக்கு மன்னார்குடி ஞாபகம் வந்துவிட்டது. தாத்தா பிறந்த ஊர். அங்கே சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போதே நெல்லுக்கு ஊடே உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். தனியாக உழவு கிடையாது, தண்ணீர் கிடையாது. மண்ணில் மிஞ்சிய ஈரமும் பனியும் போதும். தை, மாசியில் மழை வராது என்ற நம்பிக்கையில் நடந்த விவசாயம் அது. 2023 பிப்ரவரியில் காவிரி டெல்டாவில் பருவம் தப்பிக் கொட்டியது. “நெல்லும் சாஞ்சிருச்சு, தெளிச்ச உளுந்தும் சேத்துலயே அழுகிப்போச்சுப்பா” என்று மாமா போனில் சொன்னபோது குரலே எழவில்லை.

துவரைக்கு வேறு கஷ்டம். கர்நாடகாவில் குல்பர்கா பக்கம் பெரும்பாலும் மழையை நம்பிய மானாவாரிதான். பூக்கும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் பூ கொட்டிவிடும், தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும், மழையே இல்லாவிட்டால் காய் பிடிக்காது. கொண்டைக்கடலையோ பூக்கும்போது வெயில் 35 டிகிரியைத் தாண்டினாலே மகரந்தம் கெட்டுப்போகிற பயிர். 2014, 2015 என்று அடுத்தடுத்து மழை பொய்த்து, இந்தியாவில் துவரம் பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டது. 2023 ஆகஸ்டோ 1901-க்குப் பிறகு அங்கே மழை மிகக் குறைந்த ஆகஸ்ட்.

உலகத்திலேயே அதிகம் பருப்பு விளைவிப்பதும் தின்பதும் இந்தியாதான். அங்கே விளைச்சல் குறைந்தால் பர்மாவிலும் ஆப்பிரிக்காவிலும் போய் வாங்குகிறது. நம் கடைக்காரர் அந்த வரிசையில் எங்கே நிற்பார்?

பருவநிலை மாற்றம் என்றால் இங்கே வெள்ளம், புகைமூட்டம் என்று மட்டும் பேசுகிறோம். அரிசிக்கு அரசாங்கம் கையிருப்பு வைக்கிறது. பருப்புக்கு? சாம்பாரும் தோசையும் இல்லாமல் நம் வீட்டில் ஒரு வாரம் ஓடுமா? இந்திய முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் உணவுக்கடையில் ரொட்டி சானாயோடு ஊற்றுகிற பருப்புக் குழம்பு நம்மவருக்கு மட்டுமா?

தோட்டத்தில் இருந்த காலத்தில் பாட்டி லயத்து வேலியோரம் நாலு துவரைச் செடி வைத்திருந்தார். பச்சைத் துவரையை உரித்துப் போட்டுக் குழம்பு வைப்பார். அந்த இடமெல்லாம் இப்போது செம்பனை. நாலு செடியால் நாட்டுக்குப் பருப்பு வந்துவிடாது, தெரியும். அதனால்தான் அடுத்த முறை நம் தொகுதி மக்கள் பிரதிநிதி கோயில் மண்டபத்துக்கு வரும்போது எழுந்து நின்று கேட்கப் போகிறேன்: பருப்புக்கு எத்தனை மாதக் கையிருப்பு வைக்கப் போகிறீர்கள்? உங்கள் ஊரிலும் கேளுங்கள்.