நண்பர்களுக்குள் மட்டும் பகிர எந்தத் தளம்?

வேலூரில் ஒன்றாகப் படித்து, இன்று குடியாத்தம், ஆம்பூர், இராணிப்பேட்டை, துபாய் என்று பிரிந்திருக்கும் எங்கள் நண்பர் வட்டத்தில், வீட்டு விசேஷப் படங்களையும் சொந்தக் கதைகளையும் பெருநிறுவனம் எதன் கையிலும் கொடுக்காமல் பகிர்ந்துகொள்ள ஓர் இடம் வேண்டும் என்ற பேச்சு எழுந்திருக்கிறது. ஒரே நிறுவனத்தின் கையில் இல்லாமல், பலர் தனித்தனியே நடத்தும் சர்வர்கள் (சேவைக் கணினிகள்) இணைந்து இயங்கும் பரவலாக்கப்பட்ட தளம் என்றாலே அந்தரங்கமும் கூடவே வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

2016இல் வெளிவந்த மாஸ்டடான் நல்ல தளம்தான்; ஆனால் அது வேலூரின் லாங்கு பஜார் கடைத்தெருவில் நின்று பேசுவதைப் போன்றது. அதில் தனிச்செய்தி என்பதும் பார்வையாளர்களைக் குறைத்துக்கொண்ட ஒரு பதிவே. பேசுபவர்களைத் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி செய்தியைப் பூட்டிவைக்கும் முழு மறையாக்கம் இல்லாததால், அனுப்புபவர், பெறுபவர் இருவருடைய சர்வர்களின் நிர்வாகிகளும் நினைத்தால் அதைப் படிக்க முடியும். பேச்சுவாக்கில் மூன்றாம் நபர் ஒருவரின் முகவரியை @ குறியோடு எழுதிவிட்டால் அந்தச் செய்தி அவருக்கும் போய்ச் சேர்ந்துவிடும். புளூஸ்கை என்ற இன்னொரு தளத்தில் பதிவுகள் எல்லோருக்கும் பொது என்பதால் அதைப் பற்றி மேலே பேச வேண்டியதில்லை.

நியூயார்க் பல்கலைக்கழக மாணவர்கள் நால்வர் 2010இல் தொடங்கிய டயஸ்போராவும், அதே ஆண்டில் பிறந்த ஃப்ரெண்டிகாவும் நம் தேவைக்கு நெருங்கி வருகின்றன. உறவினர், கல்லூரித் தோழர், அலுவலகத்தார் என்று பிரித்துவைத்து, எந்தப் பதிவு யாருக்கு என்று முடிவு செய்யலாம். ஆயினும் நண்பர்கள் வேறு வேறு சர்வர்களில் இருந்தால் பதிவின் நகல் அங்கெல்லாம் போகும்; பிறகு நாம் அழித்தாலும், அந்தச் சர்வர்களுக்குச் செல்வது அழிக்கும்படியான வேண்டுகோள் மட்டுமே.

அப்படியானால் நம்மில் ஒருவரே சர்வர் நடத்தட்டும் என்கிறார்கள். எனக்குத் தயக்கம் இங்கேதான் கூடுகிறது. எங்கோ ஜெர்மனியில் இருக்கும் நிர்வாகிக்கு என் தங்கையின் திருமணப் பேச்சில் என்ன அக்கறை இருக்கப்போகிறது? சத்துவாச்சாரியில் இருக்கும் நண்பனுக்கோ அதில் வரும் ஒவ்வொரு பெயரும் தெரியும். அவன் நல்லவன்தான், இருந்தாலும் படிக்கக்கூடிய இடத்தில் அவனை உட்காரவைப்பது நட்புக்கு நல்லதில்லை. போதாக்குறைக்கு, சர்வர் பழுதானால் நள்ளிரவில் எழுந்து பார்க்க வேண்டியவனும் அவனே.

ஆகவே, நிர்வாகியாலும் உள்ளடக்கத்தைப் படிக்க முடியாத மேட்ரிக்ஸ் என்ற பரவலாக்கப்பட்ட அரட்டை அமைப்பே என் தேர்வு. அதன் எலிமென்ட் செயலியில் புதிய தனி உரையாடல்களுக்கு 2020 முதல் முழு மறையாக்கம் இயல்பாகவே இருக்கிறது. யார் யாரோடு எப்போது பேசினார்கள் என்பது சர்வருக்குத் தெரியும் என்பதையும், இது அரட்டை வடிவம் என்பதால் நிதானமாக எழுதிய பதிவு 'காலை வணக்கம்' படங்களுக்கு நடுவே மூழ்கிவிடும் என்பதையும் மறுக்கவில்லை. படங்களுக்கென்று தனி அறை ஒன்றைத் திறந்தால் அந்தத் தொல்லை பெருமளவு தீரும். கணக்குத் தொடங்கியதும் மீட்பு வசதியை அமைத்து, அப்போது கிடைக்கும் மீட்புச் சாவியை மட்டும் ஒவ்வொருவரும் ஒரு நோட்டில் எழுதிவைக்க வேண்டும். கைபேசியும் தொலைந்து அந்தச் சாவியும் இல்லையென்றால், பழைய செய்திகளையும் படங்களையும் சர்வர் நடத்துபவராலும் திறந்து தர முடியாது.