பதினேழு சேக்கல் வெள்ளி

சபையில் கர்த்தர் செய்த நன்மையைச் சாட்சி சொல்ல எழுந்திருப்பவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? எல்லாருக்கும் காரியம் முடிந்திருக்கும். வேலை கிடைத்துவிட்டது, கட்டி கரைந்துவிட்டது, பெண்ணுக்கு வரன் அமைந்துவிட்டது, ஸ்தோத்திரம். நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறவன் மைக் பக்கமே போவதில்லை. ஆண்கள் என்றால் கேட்கவே வேண்டாம். ஆராதனை முடிந்து வாசலில் "தொழில் எப்படிங்க போகுது?" என்றால், "கர்த்தர் நடத்துறாருங்க" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிவிடுவோம். வீட்டுக்காரம்மாவின் செயின் அடகுக்கடையில் இருக்கும்.

நான் சேலத்தில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். சொந்த வெள்ளி கிடையாது. வியாபாரி கட்டி வெள்ளி தருவார், கொலுசாக்கி எடை போட்டுத் திருப்பிக் கொடுத்தால் கூலி. வெள்ளி விலை தாறுமாறாக ஏறியதிலிருந்து ஆர்டர் சுருங்கிவிட்டது. நாலு பேர் உட்கார்ந்து வேலை செய்த இடத்தில் இப்போது நானும் இன்னொருவரும்தான். விலை ஏறினால் வெள்ளிக்காரனுக்குக் கொண்டாட்டம் என்று ஊரே நினைக்கிறது. அது வெள்ளியை வாங்கிப் பூட்டி வைத்திருக்கிறவனுக்கு.

ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் இரண்டு வகை. "இரட்டிப்பா வரும் பிரதர்" என்பவர் ஒருவர். "எங்கேயாவது மறைவான பாவம் இருக்கான்னு பாருங்க" என்பவர் இன்னொருவர். முதலாமவருக்கு டீயாவது வாங்கிக் கொடுப்பேன்.

எனக்குப் பிடிமானம் கொடுத்தது பைபிளில் எரேமியா தீர்க்கதரிசி புத்தகத்தின் 32-ஆம் அதிகாரம். அதில் 17-ஆம் வசனம் எல்லாருக்கும் மனப்பாடம்: "உம்மாலே செய்யக்கூடாத அதிசயமான காரியம் ஒன்றுமில்லை." வாக்குத்தத்த அட்டை, காலண்டர், ஆட்டோவின் முதுகு என்று எங்கும் இருக்கிறது. எந்த நிலைமையில் சொன்னது என்பதுதான் எங்கும் இல்லை.

யூதா தேசத்து ராஜா சிதேக்கியாவின் ஆட்சியில் 10-ஆம் வருஷம், கி.மு. 587 வாக்கில். பாபிலோன் சேனை எருசலேமை வளைத்து நிற்கிறது. நகரம் விழும் என்று சொன்னதற்காக எரேமியாவைக் காவற்சாலை முற்றத்தில் அடைத்துவைத்திருக்கிறார்கள். அப்போது பெரியப்பா மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் இருக்கும் என் நிலத்தை வாங்கிக்கொள் என்கிறார். நம் ஊரில் வில்லங்கம் என்று தெரிந்தால் இடத்தைப் பார்க்கவே போக மாட்டோம். இங்கே சுற்றுவட்டாரம் முழுக்க எதிரி சேனை.

கர்த்தர் வாங்கச் சொல்கிறார். எரேமியா 17 சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறார். தராசு என்றதும் என் கண் அங்கேயே நின்றுவிட்டது. ஒரு சேக்கல் ஏறக்குறைய 11 கிராம். மொத்தம் 200 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு, கனமான கொலுசு என்றால் இரண்டு ஜோடி. எங்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை. பட்டறைத் தரையைக் கூட்டின குப்பையை வெளியே கொட்ட மாட்டோம், கை கழுவின தண்ணீரைக்கூடத் தொட்டியில் தேக்குவோம், துகள் போய்விடக் கூடாதென்று. அந்த மனுஷனோ விழப்போகிற ஊரில் வெள்ளியைக் கொட்டி, சாட்சிகளை வைத்து, முத்திரை போட்ட கிரயப்பத்திரம் ஒன்றும் திறந்தது ஒன்றுமாக எழுதி, அநேக நாள் இருக்கட்டும் என்று மண்பாண்டத்தில் வைக்கச் சொல்லித் தன் எழுத்தர் பாருக்கிடம் கொடுக்கிறார்.

அப்புறம்தான் ஜெபிக்கிறார். அந்த ஜெபத்தின் தொடக்கம்தான் 17-ஆம் வசனம். அது போய் முடிகிற இடம் 25: நகரமோ கல்தேயர் (பாபிலோன்காரர்) கையில் போகிறது, நீரோ நிலத்தை விலைக்கு வாங்கு என்கிறீரே! "என்ன ஆண்டவரே இது" என்பதுதான். கர்த்தர் அதற்குக் கோபிக்கவில்லை, உட்கார்ந்து விளக்குகிற மாதிரி நீளமாகப் பதில் சொல்கிறார். விசுவாசி கேள்வி கேட்கக் கூடாது என்று மேடையில் முழங்குகிறவர்கள் 25-ஐயும் ஒருமுறை வாசித்துக் காட்டலாம்.

சரி, நிலம் எரேமியாவுக்குப் பயன்பட்டதா? நகரம் விழுந்தது. மிஞ்சின ஜனங்கள் அவரை எகிப்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அந்த நிலத்தில் அவர் கால் வைத்ததாக வேதத்தில் எங்கும் இல்லை. ஆனால் பிற்பாடு பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பியவர்களின் பட்டியல் எஸ்றா 2-ல் இருக்கிறது; பிரசங்கத்தில் யாரும் தொடாத அதிகாரம். 23-ஆம் வசனத்தில் ஆனதோத்தூர் மனிதர் 128 பேர் வருகிறார்கள். மீட்பு வந்தது, பணம் கொடுத்தவர் காலத்தில் வரவில்லை.

அதனால் பட்டறையைக் கர்த்தர் காப்பாற்றியே தீருவார் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். நிமிரலாம், மூடவும் வேண்டி வரலாம். சிலுவையில் என்னை மீட்டவர் ஷட்டரை இறக்குகிற நாளிலும் என்னைக் கைவிட மாட்டார், அதில் சந்தேகமில்லை. இதை வீட்டில் சொன்னபோது, "அது சரிங்க, பையன் பீஸுக்கு என்ன வழி?" என்றாள். அவள் 25-ஆம் வசனக் கட்சி.

ஏற்காட்டில் ஆண்கள் ரிட்ரீட்டில் இதையெல்லாம் பேசினேன். கூட்டத்தில் ஒருவர் வாய் திறக்கவில்லை. காபி இடைவேளையில் ஒவ்வொருவராக என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஒருவருக்குத் தறி நின்றுவிட்டது, ஒருவர் வேலை போனதை வீட்டில் இன்னும் சொல்லவில்லை, காலையில் டிபன்பாக்ஸோடு கிளம்பிவிடுகிறார். இவர்களெல்லாம் சாட்சி சொல்ல எந்த ஞாயிற்றுக்கிழமை மைக் கிடைக்கும்?

வியாழக்கிழமை தவணை கேட்டு பைனான்ஸ்காரரைப் பார்க்கப் போகிறேன். 'ஜெபிக்கிறோம் பிரதர்' என்று போடுகிறவர்கள் அதற்காகவே ஜெபியுங்கள், வட்டியாவது கொஞ்சம் குறையட்டும். கொலுசு தேவைப்படுகிறவர்கள் இன்பாக்ஸுக்கு வாங்க. பழைய வெள்ளி கொடுத்தாலும் செய்து தருவேன்.