நூரியெவை விட்டுட்டீங்களே!
அமெரிக்காவுல வந்த 'பெல் டெலிபோன் ஹவர்' இசை நிகழ்ச்சி பத்தி நல்லா எழுதியிருக்கீங்க சார். ஆனா 1962ல பாலே நடனக்காரர் நூரியெவ் அதுல ஆடினதைச் சொல்லாம விட்டுட்டீங்களே! ஆட வேண்டிய டென்மார்க் நடனக்காரர் எரிக் புரூனுக்கு அடிபட்டதால, அவர் இடத்துல அமெரிக்க பாலே நட்சத்திரம் மரியா டால்சீஃபோட நூரியெவ் ஆட வந்தார். அதுக்கு முந்தின வருஷம்தான் பாரிஸ்ல சோவியத் பாலே குழுவிலேர்ந்து நழுவி, நாடு திரும்பாம மேற்குலயே தங்கிட்டவர். அமெரிக்க டிவியில அவர் ஆடினது அதுதான் முதல் தடவை. அந்தத் துண்டை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கேன். எம்பினவர், இறங்க மனசில்லாத மாதிரி அந்தரத்துலயே ஒரு கணம் நிக்கிறார்.

இன்னொண்ணு. 1959ல என்.பி.சி. டிவிக்கு வந்ததிலேர்ந்துதான் கதையை ஆரம்பிச்சிருக்கீங்க. 1940லயே ரேடியோவுல வந்தாச்சு. ரெண்டுலயும் வாத்தியக் குழுவை நடத்தினது டொனால்ட் வூர்ஹீஸ். ஓபரா, பாலே, ஜாஸ் எல்லாம் பெல் போன் கம்பெனி செலவுல! நம்மூர்ல காலர் ட்யூனுக்கே காசு புடுங்குறாங்க.